கிறுக்கி வைத்த புத்தகத்துக்கு 22 லட்சம் டாலர்! - ஒரு புத்தகம், பல ஓனர்கள், பெயரில்லாத சிலர்

பழைய புத்தகக் கடையில் ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்ததும் முதலில் என்ன செய்வோம்? சட்டுனு நாலு பக்கம் புரட்டி, யாராவது உள்ளே கிறுக்கி வச்சிருக்காங்களான்னு பார்ப்போம். பேனாவில் அடிக்கோடு, ஓரத்தில் குறிப்பு, முதல் பக்கத்தில் யாரோ ஒருத்தர் பெயர்... இதெல்லாம் இருந்தால், "அண்ணே, ஒரே கிறுக்கலா இருக்கு, கொஞ்சம் குறைச்சுக்கோங்க" என்று பேரம் பேசுவோம்.

2024 பிப்ரவரியில் நியூயார்க்கில் நடந்த ஒரு கிறிஸ்டீஸ் ஏலத்தில் இந்தக் கதை அப்படியே தலைகீழ். பக்கத்துக்குப் பக்கம் பேனாவால் அடித்துத் திருத்தப்பட்ட ஒரு பழைய புத்தகம், சுமார் 22 லட்சம் டாலருக்கு விலை போனது. அச்சான ஆண்டு 1555. வாங்கியது பெல்ஜியத்தில் இருக்கும் லூவன் பல்கலைக்கழகம்.

அவ்வளவு பணம் கொடுக்கும்படி அந்தக் கிறுக்கலில் என்ன இருந்தது? அதைப் புரிந்துகொள்ள, அந்தப் புத்தகத்தின் கதையை முதலில் இருந்து பார்க்கணும்.

22 வயசு புரொபசர்

புத்தகத்தின் பெயர் லத்தீனில் கொஞ்சம் நீளம்: 'டி ஹியூமானி கார்போரிஸ் ஃபாப்ரிகா'. 'மனித உடலின் கட்டமைப்பு பற்றி' என்று அர்த்தம். சுருக்கமாக 'ஃபாப்ரிகா'. எழுதியவர் ஆண்ட்ரியாஸ் வெசாலியஸ். 1514-ல் பிரஸ்ஸல்ஸில் பிறந்தவர். லூவனிலும் பாரிஸிலும் படித்துவிட்டு, இத்தாலியின் பதுவாவுக்குப் போனார். ஆமாம், நம்ம ஊர்க்காரர்களுக்கு அந்தோணியார் பெயரோடு சேர்த்தே பழக்கமான அதே பதுவாதான்!

1537 டிசம்பரில் அங்கே டாக்டர் பட்டம் வாங்கினார். கையோடு அறுவை சிகிச்சையும் உடற்கூறியலும் கற்பிக்கும் ஆசிரியர் வேலையும் கிடைத்துவிட்டது. அப்போது அவருக்கு 22 வயது.

அந்தக் காலத்தில் உடற்கூறியல் வகுப்பு எப்படி நடக்கும் தெரியுமா? புரொபசர் உயரமான ஒரு இருக்கையில் உட்கார்ந்து பழைய புத்தகத்தை வாசிப்பார். கீழே, சவரத் தொழிலோடு அறுவை வேலையும் செய்யும் ஒருவர் உடலை அறுப்பார். புத்தகத்தில் இருப்பதும் மேஜையில் இருப்பதும் ஒத்துப்போகுதா என்று யாரும் பெரிதாகக் கவலைப்பட மாட்டார்கள். வெசாலியஸ் அந்த இருக்கையைவிட்டு இறங்கி வந்தார். கத்தியைத் தானே கையில் எடுத்தார்.

எடுத்த பிறகுதான் பிரச்னையே ஆரம்பம்.

'கேலன் தப்பே செய்ய மாட்டார்!'

அன்றைய மருத்துவ உலகத்துக்கு வேதம் மாதிரி இருந்தவை, கேலன் என்ற கிரேக்க மருத்துவரின் எழுத்துகள். அவர் வாழ்ந்தது 2-ம் நூற்றாண்டில். அதாவது, வெசாலியஸுக்கு 1,300 ஆண்டுகளுக்கும் முன்னால். சிக்கல் என்னவென்றால், கேலன் அறுத்துப் பார்த்தது பெரும்பாலும் குரங்குகளையும் பன்றிகளையும் மாடுகளையும்தான். அதில் பார்த்ததை வைத்தே மனித உடலையும் விளக்கிவிட்டார்.

மனிதனின் கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது என்பது கேலன் வழி வந்த பாடம். வெசாலியஸ் கையில் எடுத்துப் பார்த்தால், ஒரே எலும்பு! நெஞ்சுக்கூட்டின் நடு எலும்பில் ஏழு பகுதிகள் என்றது பழைய பாடம். இவர் பார்த்ததில் மூன்றுதான். ஆதாமின் விலா எலும்பில் இருந்து ஏவாள் படைக்கப்பட்ட கதையால், ஆண்களுக்கு ஒரு விலா எலும்பு குறைவு என்று பலர் நம்பிக்கொண்டிருந்தார்கள். எண்ணிப் பார்த்தவர், இருபாலருக்கும் சமம்தான் என்று எழுதினார். இப்படி அவர் திருத்தியவை 200-க்கும் மேல்.

சும்மா விடுவார்களா? பாரிஸில் வெசாலியஸுக்குப் பாடம் எடுத்த சில்வியஸ் என்ற ஆசிரியரே கொதித்துப்போனார். தன் மாணவனைப் பைத்தியக்காரன் என்று திட்டினார். கேலன் தப்பு செய்யவில்லையாம். அவர் காலத்துக்குப் பிறகு மனித உடம்புதான் மாறிவிட்டதாம்! புத்தகத்தைத் திருத்துவதைவிட உடம்பைத் திருத்துவது அவருக்குச் சுலபமாகத் தெரிந்திருக்கிறது.

கழுதை மேல் ஏற்ற வேண்டிய கனம்

வெசாலியஸ் செய்த இன்னொரு புத்திசாலித்தனம், படங்கள். ஃபாப்ரிகாவில் 200-க்கும் அதிகமான படங்கள். பேரிக்காய் மரப் பலகைகளில் நுணுக்கமாகச் செதுக்கி, மை தடவி அச்சிட்டவை. வரைந்தது யார் என்பதில் இன்றும் விவாதம் ஓடுகிறது. ஓவியர் டிஷியனின் பட்டறையோடு தொடர்புள்ளவர்கள் என்பது பரவலான கருத்து.

செதுக்கும் வேலை வெனிஸில் நடந்தது. ஆனால் அச்சிட வெசாலியஸ் தேர்ந்தெடுத்தது, ஆல்ப்ஸ் மலைக்கு அந்தப் பக்கம் இருந்த பாசல் நகரத்தின் யோஹன்னஸ் ஒபோரினஸை. எனவே அந்த மரக்கட்டைகள் எல்லாம் மூட்டை கட்டப்பட்டு, வியாபாரிகள் மூலம் மலை தாண்டிப் போயின. 1543 ஜூனில் புத்தகம் வெளியானபோது, வெசாலியஸுக்கு 28 வயது.

படங்களைப் பார்த்தால் பாடப் புத்தகம் என்றே தோன்றாது. ஒரு எலும்புக்கூடு, கல்லறை மேல் சாய்ந்து, ஒரு மண்டை ஓட்டில் கைவைத்து ஏதோ சிந்தனையில் நிற்கிறது. இன்னொன்று மண்வெட்டியோடு வானத்தைப் பார்க்கிறது. தோல் உரிக்கப்பட்ட மனிதர்கள், தசைகளைக் காட்டியபடி மலைகளுக்கும் பழைய கட்டடங்களுக்கும் நடுவே ஸ்டைலாக நிற்கிறார்கள். அந்தத் தசை மனிதர்கள் சிலரைச் சரியான வரிசையில் பக்கம் பக்கமாக வைத்தால், பின்னால் இருக்கும் நிலக்காட்சி ஒரே நீண்ட காட்சியாக இணைந்துவிடும். நம்ம போனில் எடுக்கும் பனோரமா மாதிரி.

600 பக்கங்களுக்கு மேல் போகும் இந்தப் பெரிய புத்தகத்தை எல்லா மாணவர்களாலும் வாங்க முடியாது இல்லையா? அவர்களுக்காக அதே ஆண்டு 'எபிடோமி' என்ற சுருக்கப் பதிப்பையும் கொண்டுவந்தார். அதில் சில தாள்களைக் கத்தரித்து, ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டினால், திறந்து பார்க்கும் காகித உடம்பு தயார்! மாணவர்கள் சொன்னபடியே கத்தரித்துவிட்டார்கள். அதனால்தான் வெட்டுப்படாத பிரதிகள் இன்று அபூர்வம்.

பைரசியும் விடவில்லை. இரண்டே ஆண்டுகளில், 1545-ல் லண்டனில் ஜெமினஸ் என்பவர் இந்தப் படங்களைச் செப்புத் தகட்டில் நகல் எடுத்துத் தன் புத்தகமாக வெளியிட்டுவிட்டார். தன் படங்களைத் திருடுபவர்கள் மேல் வெசாலியஸுக்குக் கடைசிவரை கோபம் இருந்தது.

ராஜா கையில் இருந்து டாக்டர் கைக்கு

இப்போது ஓனர்கள் கதைக்கு வருவோம்.

புத்தகத்தை வெசாலியஸ் சமர்ப்பித்தது, பேரரசர் ஐந்தாம் சார்லஸுக்கு. அவருக்காகவே ஒரு பிரதி ஸ்பெஷலாகத் தயாரானது. படங்கள் அத்தனைக்கும் கையால் வண்ணம் தீட்டி, ஊதா நிற வெல்வெட்டில் அட்டை போட்டிருந்தார்கள். பலன் உடனே கிடைத்தது. அந்த ஆண்டே வெசாலியஸ் அரண்மனை மருத்துவர் ஆனார்.

ஆனால் பேரரசர் அந்தப் புத்தகத்தைப் பத்திரப்படுத்தி வைக்கவில்லை. தன் அவைக்கு வந்த பிரெஞ்சுத் தூதர் ஒருவருக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டார். கல்யாணத்துக்கு வந்த கிஃப்ட்டை அடுத்த கல்யாணத்துக்கு அனுப்புவது அரண்மனையிலும் உண்டுபோல! பிறகு கைமாறிக் கைமாறி, அமெரிக்காவின் ஹாஸ்கல் நார்மன் என்ற மனநல மருத்துவரின் சேகரிப்புக்கு வந்து சேர்ந்தது. 1998 ஏலத்தில் அது சுமார் 16.5 லட்சம் டாலருக்கு விற்பனையானது.

மருத்துவர்களுக்கும் இந்தப் புத்தகத்துக்கும் ஒரு தனி பந்தம். நவீன மருத்துவக் கல்வியின் முன்னோடிகளில் ஒருவரான வில்லியம் ஆஸ்லர், கண்ணில் பட்ட ஃபாப்ரிகா பிரதிகளை வாங்கி நூலகங்களுக்குப் பரிசளித்தார். அவருடைய நண்பர், மூளை அறுவை சிகிச்சை நிபுணர் ஹார்வி குஷிங், வெசாலியஸின் புத்தகங்களைத் தேடித் தேடிச் சேர்த்து, அவற்றின் வரலாற்றையே ஒரு நூலாக எழுதினார். அவர் மறைந்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, 1943-ல் அந்த நூல் வெளிவந்தது. அது ஃபாப்ரிகாவின் 400-வது ஆண்டு. அவர் சேர்த்த புத்தகங்கள் இன்று யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன.

படங்களை அச்சிட்ட மரக்கட்டைகளுக்கு இந்த அதிர்ஷ்டம் இல்லை. 227 கட்டைகள் எப்படியோ தப்பிப் பிழைத்து மியூனிக் பல்கலைக்கழக நூலகத்தில் கிடந்தன. 1934-ல் அதே கட்டைகளில் இருந்து ஒரு பதிப்பு அச்சிட்டார்கள். 390 ஆண்டுகளுக்குப் பிறகும் கோடுகள் துல்லியமாக விழுந்தன. அதுவே கடைசி. இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் அவை எரிந்துபோயின.

ஓரத்தில் எழுதியவர்கள்

எல்லா ஓனர்களும் ராஜாவோ, பிரபல டாக்டரோ இல்லை. உலகம் முழுக்க இருக்கும் ஃபாப்ரிகாவின் 1543, 1555 பதிப்புப் பிரதிகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பதிவு செய்யும் வேலையை டேனியல் மார்கோசி, மார்க் சோமோஸ், ஸ்டீஃபன் ஜாஃபி என்ற மூன்று ஆய்வாளர்கள் செய்தார்கள். 2018-ல் அது புத்தகமாக வந்தது. 700-க்கும் அதிகமான பிரதிகளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் யார் பெயர் இருக்கிறது, எங்கே அடிக்கோடு, எங்கே கறை, எந்தப் பக்கம் கிழிந்திருக்கிறது என்று ஒரு சர்வேயே எடுத்திருக்கிறார்கள்.

அதில் தெரியவந்த விஷயங்கள் சுவாரஸ்யம். வாங்கிய எல்லோரும் முழுசாகப் படிக்கவில்லை. சிலர் தங்களுக்கு வேண்டிய பக்கங்களில் மட்டும் குறிப்பு எழுதியிருக்கிறார்கள். இனப்பெருக்க உறுப்புகள் பற்றிய பகுதி பலருடைய கவனத்தை இழுத்திருக்கிறது. அந்தப் படங்களை மையால் மறைத்தவர்களும் வெட்டி எடுத்தவர்களும்கூட உண்டு. ஸ்கூலில் பத்தாம் வகுப்பு சயின்ஸ் புத்தகத்தில் எந்தப் பாடத்தின் பக்கங்கள் முதலில் கசங்கும் என்பது நமக்குத் தெரியாதா என்ன? 500 வருஷமாக மனுஷங்க பெரிசா மாறவில்லை.

ஆக, ஒரே அச்சில் இருந்து வந்த புத்தகங்கள்தான். ஆனால் 700 பிரதிகளும் 700 மாதிரி. அச்சு, ஆசிரியர் என்ன சொன்னார் என்று காட்டும். ஓரத்துக் கிறுக்கல், அதைப் படித்தவர் என்ன நினைத்தார் என்று காட்டும். பழைய புத்தகத்தின் கிறுக்கலுக்கு வரலாற்று ஆய்வாளர்கள் இவ்வளவு மதிப்பு கொடுப்பது அதனால்தான்.

அந்த 22 லட்சம் டாலர் கையெழுத்து

இப்போது முதலில் பார்த்த ஏலத்துக்குத் திரும்புவோம்.

அந்தப் பிரதியைச் சில ஆண்டுகளுக்கு முன்பு வாங்கியவர், கனடாவைச் சேர்ந்த ஒரு மருத்துவர். வாங்கும்போது, யாரோ முகம் தெரியாத வாசகர் எழுதிய குறிப்புகள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவருக்கு மட்டும் ஒரு சந்தேகம். வாக்கியங்களை அடித்து வேறு மாதிரி எழுதுவது, சொல்லை மாற்றுவது, படத்தில் இருக்கும் குறியீட்டு எழுத்துகள் தெளிவாகத் தெரியவில்லை என்று குறிப்பது... ஒரு வாசகர் எதற்கு இவ்வளவு மெனக்கெடணும்?

மருத்துவ வரலாற்று அறிஞர் விவியன் நட்டன் அந்தக் கையெழுத்தையும் திருத்தங்களையும் ஆராய்ந்து முடிவைச் சொன்னார். இது வாசகரின் கையெழுத்து இல்லை. எழுதிய வெசாலியஸின் கையெழுத்தேதான்!

இரண்டாம் பதிப்பு 1555-ல் வந்த பிறகும் மனிதர் ஓயவில்லை. மூன்றாவது பதிப்புக்காக வரி வரியாகத் திருத்திக்கொண்டே இருந்திருக்கிறார். அந்தப் பதிப்பு வரவே இல்லை. 1564-ல் ஜெருசலேம் யாத்திரை போய்த் திரும்பும் வழியில், கிரேக்கத் தீவான ஸாகிந்தோஸில் இறந்துபோனார். வெனிஸில் 1568-ல் ஒரு பதிப்பு வந்தது. ஆனால் அவர் கைப்படத் திருத்தியவை அதில் சேரவில்லை.

கேலனையே திருத்தியவர், தன்னையும் திருத்திக்கொண்டே இருந்தார் என்பதற்கு அந்தப் பிரதிதான் சாட்சி. அவர் மாணவராக இருந்த லூவன், 2024-ல் அதை வாங்கி ஊருக்குக் கொண்டுவந்துவிட்டது.

கதையை இங்கேயே முடித்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால், இந்தப் புத்தகத்தில் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.

கேட்காமல் எடுத்த உடல்கள்

ஃபாப்ரிகாவின் முகப்புப் படத்தில் ஒரு பெரிய கூட்டம். நடுவில் வெசாலியஸ். அவர் கைவைத்திருப்பது, வயிறு திறந்த நிலையில் மேஜையில் கிடக்கும் ஒரு பெண்ணின் உடல் மேல். இந்தப் பெண் யார்?

மரண தண்டனை விதிக்கப்பட்டவர். தூக்கில் இருந்து தப்பிக்க, தான் கர்ப்பமாக இருப்பதாகச் சொல்லிப் பார்த்திருக்கிறார். மருத்துவச்சிகள் சோதித்து, இல்லை என்று சொல்லிவிட்டார்கள். தூக்கில் போட்டார்கள். பிறகு அவர் உடல் அறுவை மேஜைக்கு வந்தது. இதை எழுதியிருப்பது வெசாலியஸ்தான். அவர் பெயரைத்தான் எழுதவில்லை.

இன்னொன்றும் எழுதியிருக்கிறார். பதுவாவில் இறந்துபோன ஒரு பெண்ணின் உடலை மாணவர்கள் கல்லறையில் இருந்து திருடி வந்தார்கள். உறவினர்கள் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்று, உடலின் தோல் முழுவதையும் உரித்துவிட்டார்கள். லூவனில் இருந்தபோது, ஊருக்கு வெளியே தூக்குமரத்தில் தொங்கிய எலும்புக்கூட்டைத் தானே இரவோடு இரவாக எடுத்து வந்ததையும் மறைக்காமல் சொல்கிறார். அத்தியாயங்களின் முதல் எழுத்துகளைச் சுற்றி வரைந்த குட்டிப் படங்களில்கூட, குழந்தை தேவதைகள் பிணம் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் அது ஒரு ஜோக்.

இந்தக் கதையின் உச்சம், அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. 1568 பதிப்பின் ஒரு பிரதி. அதற்கு 1867-ல் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஒரு பைண்டர் போட்ட அட்டை, மனிதத் தோலால் ஆனது. அது யாருடைய தோல் என்பதற்கு எந்தப் பதிவும் இல்லை.

இப்படிப்பட்ட புத்தகங்களை என்ன செய்வது என்று நூலகங்கள் இப்போதுதான் தீவிரமாக யோசிக்கின்றன. ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருந்த வேறொரு பிரெஞ்சுப் புத்தகத்துக்கும் மனிதத் தோல் அட்டை இருந்தது. ஆஸ்பத்திரியில் இறந்த ஒரு பெண் நோயாளியின் உடலில் இருந்து, அனுமதி இல்லாமல் ஒரு டாக்டர் எடுத்த தோல். 2024 மார்ச்சில் ஹார்வர்டு அந்த அட்டையைப் பிரித்து எடுத்துவிட்டது. மரியாதையாக அடக்கம் செய்வது எப்படி என்பதுதான் அதற்கடுத்த கேள்வியாக இருந்தது.

அப்படியானால் ஃபாப்ரிகாவை வெறுக்கணுமா? இல்லை. நம்மில் யாருக்காவது நாளை ஆபரேஷன் நடந்தால், டாக்டரின் கத்தி சரியான இடத்தில் இறங்குவதற்கு இந்தப் புத்தகத்துக்கும் ஒரு பங்கு உண்டு. அதே சமயம், அந்த அறிவு எங்கிருந்து வந்தது என்பதையும் தெரிந்துவைத்திருக்கணும். இன்று மருத்துவக் கல்லூரிகளுக்குப் பலர் தாங்களாகவே கையெழுத்துப் போட்டு உடல் தானம் செய்கிறார்கள். அந்த ஒரு கையெழுத்துதான் அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம்.

ஒருவருக்கு மட்டும் பெயர் இருக்கிறது

1543 மே மாதம். பாசலில் ஃபாப்ரிகா அச்சாகிக்கொண்டிருந்தது. அச்சுவேலையைப் பார்க்க வந்திருந்த வெசாலியஸ், அங்கேயே பொதுமக்கள் முன்னிலையில் ஓர் உடலை அறுத்துக் காட்டினார். தலை வெட்டி மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட ஒரு குற்றவாளியின் உடல். பிறகு எலும்புகளைச் சுத்தம் செய்து, கோத்து நிறுத்தி, அந்த ஊருக்கே கொடுத்துவிட்டார்.

அந்த எலும்புக்கூடு இன்றும் பாசல் உடற்கூறியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. போனால் பார்க்கலாம். அதற்குரியவரின் பெயரும் பதிவாகியிருக்கிறது: யாகோப் கார்ரர்.

ஐந்தாம் சார்லஸில் ஆரம்பித்து லூவன் வரைக்கும் ஃபாப்ரிகாவுக்கு எத்தனையோ ஓனர்கள். அவர்கள் பெயர்களைத் தேடிப்பிடிக்க ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்தார்கள். அந்த முகப்புப் படத்தில் படுத்திருக்கும் பெண்ணின் பெயரை மட்டும், 700 பிரதிகளில் எதைப் புரட்டினாலும் பார்க்க முடியாது.

அடுத்த முறை நெட்டில் அந்தப் படம் கண்ணில் பட்டால், வெசாலியஸைப் பார்த்துவிட்டு ஸ்க்ரோல் பண்ணிடாதீங்க. ஒரு நிமிஷம் அந்த மேஜையையும் பாருங்க.